மோசமாக ஆடும் உரிமை

எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதை நான் நான்கு மணி நேரம் பார்ப்பேன் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பிறகு பார்த்தேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பெனி பஸ் நகராமல் நிற்கும்போது, ஒரு காதில் மீட்டிங்கும் மறு காதில் மந்திரவாதியுமாக. 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியின் முதல் தொடர் மட்டும் 115 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் அடி வாங்கப்போகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டுவந்தது. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார், அவர் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்பீர்கள். இருபது முகம் உள்ள பகடையை உருட்டச் சொல்வார். பதினெட்டு விழுந்தால் கதவு போச்சு, இரண்டு விழுந்தால் உங்கள் தோள்பட்டை போச்சு. இதைத் தொழில்முறைக் கலைஞர்கள் கேமரா முன்னால் ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு 'ஆக்சுவல் பிளே' என்று பெயர்.

"அடுத்தவன் விளையாடுறதைப் பார்க்கிறதுல என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஐபிஎல் பார்க்கும் நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது. இது நேற்று முளைத்த ஆசையும் இல்லை. ஜப்பானில் 1986இலேயே 'காம்ப்டிக்' என்ற கணினிப் பத்திரிகையில் ஒரு குழு ஆடிய ஆட்டத்தின் பேச்சை அப்படியே நாடக வசனம் மாதிரி தொடராகப் போட்டார்கள். வாசகர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். 'லோடாஸ் தீவுப் போர்' என்ற நாவல் வரிசையும் அனிமேயும் அதிலிருந்து கிளம்பியவைதான். ஆடுவதைப் பார்க்கும் சுகம், படிக்கும் சுகம், பழையது.

என் சண்டை ரசிகர்களோடு. 'இப்படித்தான் ஆடணும்' என்று பார்த்துக் கற்றுக்கொண்ட நம்மோடு.

கிரிட்டிகல் ரோல் முதன்முதலில் ஸ்ட்ரீம் ஆனது 2015 மார்ச்சில். ஆனால் ஆட்டம் ஆரம்பித்தது 2012இல், லியம் ஓ'பிரையனின் பிறந்தநாளுக்காக, வீட்டில், கேமரா இல்லாமல். இரண்டு வருடத்துக்கும் மேலாக அவர்கள் யாருக்கும் காட்டாமல் ஆடினார்கள். அப்போது விதிமுறைகூட வேறு, 'பாத்ஃபைண்டர்'. ஸ்ட்ரீமுக்கு வந்தபோதுதான் டி அண்ட் டிக்கு மாற்றிக்கொண்டார்கள். முதல் அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள்: பாத்திரங்கள் ஏற்கெனவே பெரிய வீரர்கள். ஒருவர் வாக்கியத்தை ஆரம்பித்தால் இன்னொருவர் முடிக்கிறார். பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடுவிலிருந்து தொடங்குகிறார்கள்.

அதாவது, அவர்கள் தடுமாறிய காலம் நமக்குக் காட்டப்படவே இல்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழுந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, விதியைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டியது எதற்கும் பதிவு கிடையாது. வெர்ஷன் கன்ட்ரோலில் முதல் இருநூறு கமிட்டை அழித்துவிட்டு 'இதுதான் என் முதல் கோடு' என்று காட்டுகிற மாதிரி. அவர்கள் வேண்டுமென்று அழிக்கவில்லை, பாவம். ஆனால் நாம் அழிந்ததைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். டிஎம் மேத்யூ மெர்சர் 'அட்டாக் ஆன் டைட்டன்' ஆங்கில வடிவத்தில் லீவாய்க்குக் குரல் கொடுத்தவர். ஆஷ்லி ஜான்சன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் எல்லி. லாரா பெய்லி அதன் இரண்டாம் பாகத்தின் ஆபி. தொண்டையை வைத்துச் சோறு தின்கிறவர்கள். ஒரு சத்திரக்காரர் வாயைத் திறந்தால் அவருக்கு வயது, ஊர், மூட்டுவலி எல்லாம் குரலிலேயே வந்துவிடும். வாராவாரம் இதைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை நம் நண்பன் வீட்டில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

2019. பெங்களூரில் மூன்றாவது மாடி வாடகை வீடு, நாங்கள் ஐந்து பேர். எங்கள் டிஎம் மதுரைக்காரன், டெஸ்டிங்கில் இருந்தான். இலவசமாகக் கிடைத்த அடிப்படை விதிகளை ஆபிஸ் பிரிண்டரில் அடித்து ஸ்பைரல் போட்டு வைத்திருப்பான். அவனுடைய பூதம் மதுரைத் தமிழில் பேசும். சத்திரக்காரர், டீக்கடைக்காரர், அரண்மனைக் காவலாளி எல்லோரும் ஒரே ஆள், "என்னண்ணே வேணும்" என்கிற ஆள். டிராகனும் கிட்டத்தட்ட அப்படித்தான். குகைக்குள் மூன்று வழி என்பான், நாங்கள் நான்காவது வழி கேட்போம், திருதிருவென விழிப்பான், "இருங்கடா, டீ போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்துபோய் அடுப்படியில் நின்று கதை யோசிப்பான். டீ வரும்போது நான்காவது வழியும் வந்திருக்கும்.

நான் அப்போது இரண்டாவது தொடரில் மூழ்கிக் கிடந்தேன். ஒரு சனிக்கிழமை, நல்ல எண்ணத்தோடுதான், சொன்னேன்: "மச்சான், மெர்சர் மாதிரி ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் வாய்ஸ் மாத்திப் பேசேன். செமையா இருக்கும்." லிங்க் வேறு அனுப்பினேன். எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று குறிப்போடு.

அடுத்த வாரம் அவன் முயற்சி செய்தான். சூனியக்காரிக்கு ஒரு கீச்சுக்குரல். முதல் வரியிலேயே யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டாவது வரியில் பழைய குரலுக்கே வந்துவிட்டான், ஆனால் அதற்கப்புறம் அந்தப் பழைய குரலிலும் அவனால் சரியாகப் பேச முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வந்தது. அதற்கடுத்த வாரம் ரிலீஸ் இருக்கிறது என்றான். அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன் என்றான். அவ்வளவுதான், முடிந்தது.

உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. 'மேட் மெர்சர் எஃபெக்ட்' என்று பெயரே உண்டு: நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து தன் வீட்டு டிஎம்மிடம் அதையே எதிர்பார்ப்பது. மெர்சரே இதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். நாங்கள் தொழில்முறை நடிகர்கள், எங்களோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் மேசைக்கு எது சந்தோஷமோ அதைச் செய்யுங்கள் என்கிற பொருளில். நல்ல மனிதர். ஆனால் அவர் சொல்லிக் கேட்கிற நிலையில் நாம் இல்லை.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். "சச்சினைப் பார்த்ததால தெருவுல கிரிக்கெட் நின்னுச்சா? இன்னும் கூடத்தானே செஞ்சுது?" நியாயமான கேள்வி. ஸ்ட்ரீம்கள் வந்தபின் இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் கூட்டமாக வந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. நானே அப்படி வந்தவன். ஆனால் கிரிக்கெட்டில் 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை டிவியில் பார்க்கிறபோதே, அது வேறு உடம்பு என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. மொட்டை மாடியில் ரப்பர் பந்தை மட்டையால் தட்டும்போது யாரும் தன்னை அதோடு ஒப்பிட்டு வெட்கப்படுவதில்லை. இங்கே அவர்கள் செய்வது பேசுவது. உட்கார்ந்து பேசுவது. அதை எல்லோருமே செய்கிறோம், பிறந்ததிலிருந்து. அதனால்தான் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத இடைவெளியை நாம் நம் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதைவிட மோசம், நண்பனின் மந்தம் என்று நினைக்கிறோம்.

பார்வையாளர் வந்தால் ஆட்டமே வேறாகிவிடுகிறது. 'டைமென்ஷன் 20' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் தொடங்கியது, டிஎம் பிரென்னன் லீ முல்லிகன். என் ரசனைக்கு மெர்சரைவிட ஒரு படி மேல், அடிக்க வராதீர்கள். அங்கே சண்டைக் காட்சிகளுக்கு அற்புதமான குட்டி அரங்குகள், பொம்மைகள். ஒரு குழு உட்கார்ந்து செய்கிறது. கொஞ்சம் யோசித்தால் புரியும்: படப்பிடிப்புக்கு முன்பே செய்து வைத்த அரங்கை நோக்கித்தான் கதை போயாக வேண்டும். ஆட்டக்காரர்கள் 'நாங்கள் அந்த ஊருக்கே போகவில்லை' என்று சொன்னால் அத்தனை உழைப்பும் குப்பை. சொல்ல மாட்டார்கள், அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். என் மதுரைக்காரனிடம் நாங்கள் வாராவாரம் கேட்ட நான்காவது வழியை அவர்களால் அத்தனை சுலபமாகக் கேட்க முடியாது. அந்தச் சுதந்திரம், டீ கொதிக்கும் நேரத்தில் உலகத்தை மாற்றிக் கட்டும் சுதந்திரம், எங்களிடம்தான் இருந்தது. நாங்கள் அதைக் குறைபாடு என்று நினைத்தோம்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2019இல் கிரிட்டிகல் ரோல் ஒரு அனிமேஷனுக்காக ரசிகர்களிடம் ஏழரை லட்சம் டாலர் கேட்டது, ஒரு கோடியே பதிமூன்று லட்சம் டாலர் வந்து விழுந்தது. 2021இல் ட்விட்ச் தளத்தின் கணக்குகள் கசிந்தபோது வருமானப் பட்டியலில் முதலில் இருந்ததும் அவர்கள்தான். 2025 ஜனவரியில் டைமென்ஷன் 20 குழு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடியது. குத்துச்சண்டையும் பெரிய இசைக் கச்சேரிகளும் நடக்கும் இடத்தில் பகடை உருண்டது. சம்பாதிக்கட்டும், உழைக்கிறார்கள். ஆனால் அரங்கம் நிறைந்த பிறகும் அதை 'நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்கள்' என்றே நாம் சொல்லிக்கொண்டிருப்பது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கச்சேரி பார்க்கிறோம் என்று சொன்னால் பிரச்சினையே இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2018இல், இரண்டாவது தொடரின் 26ஆம் அத்தியாயம். டாலிசின் ஜாஃபி ஆடிய மாலிமாக் என்ற பாத்திரம். மூன்று பேர் அப்போது மேசையில் இல்லை, அவர்களுடைய பாத்திரங்களை அடிமை வியாபாரிகள் கடத்திப் போயிருக்கிறார்கள், மிச்சம் இருப்பவர்கள் மீட்கப் போகிறார்கள். மாலி தன் ரத்தத்தையே விலையாகக் கொடுக்கும் ஒரு சக்தியைப் பயன்படுத்துகிறான். விலை எவ்வளவு என்பதைப் பகடை சொல்ல வேண்டும். பகடை அதிகமாகக் கேட்டுவிட்டது. அவன் விழுந்தான், எதிரி வந்து கொன்றுவிட்டுப் போனான். அவன் யார், எங்கிருந்து வந்தான் என்ற கதையெல்லாம் அப்போதுதான் பாதி அவிழ்ந்திருந்தது. உயிர் கொடுக்கக்கூடிய பாத்திரமும் கடத்தப்பட்ட மூவரில் ஒன்று.

அன்று நான் லேப்டாப்பை மூடிவிட்டு பால்கனியில் போய் நின்றேன். இதுதான் கலை என்று நினைத்தேன். எந்த எழுத்தாளனும் இத்தனை பொருத்தமில்லாத இடத்தில் ஒரு நாயகனைக் கொல்ல மாட்டான். திட்டம் குலைந்ததால்தான் அது அத்தனை உண்மையாக இருந்தது என்று நண்பர்களிடம் ஒரு மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். அந்த நண்பர்களில் அந்த மதுரைக்காரனும் ஒருவன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவர்கள் மேசையில் திட்டம் குலைந்தால் கலை. அவன் மேசையில் குலைந்தால் போர். ஒரே வருட இடைவெளியில், ஒரே வாயால், இரண்டையும் நான் சொல்லியிருக்கிறேன்.

இந்த விளையாட்டு என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். நடிக்கத் தெரியாத, எழுதத் தெரியாத, மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆட்களுக்கு, ஒரு பகடையையும் நாலு விதியையும் கொடுத்து, 'யாரும் பார்க்கவில்லை, கதை சொல்' என்றது. நம் வேலையில் எல்லாவற்றுக்கும் ரிவ்யூ இருக்கிறது, ரேட்டிங் இருக்கிறது. பாட்டுப் பாடினால் ரீல்ஸ், தோசை சுட்டால் ரீல்ஸ். யாருக்கும் காட்ட வேண்டாத, மோசமாகச் செய்தாலும் ஒன்றும் குடிமுழுகாத இடங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? இது ஒன்று இருந்தது. அதற்குள்ளும் ஒரு பார்வையாளனைக் கூட்டிவந்து மேசை ஓரமாக உட்காரவைத்தது ட்விட்ச் இல்லை, மெர்சர் இல்லை. லிங்க் அனுப்பியவன்.

போன மாதம் அந்தப் பழைய வாட்ஸ்அப் குரூப்பைத் தேடி எடுத்தேன். கடைசிச் செய்தி 2019இல் யாரோ போட்ட பீட்சா ஆர்டர். அவன் இப்போது கோயம்புத்தூரில். "ஆன்லைன்ல ஆடலாமா?" என்று போட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "டிஎம் யாரு?"

"நான்" என்றேன். அந்தச் சூனியக்காரி விஷயத்துக்காக ஸாரியும் சொன்னேன். எந்தச் சூனியக்காரி என்று கேட்டான். உண்மையிலேயே மறந்துவிட்டானா, தெரியவில்லை.

இரண்டு ஞாயிறு ஆடிவிட்டோம். முதல் நாள் யாருடைய முறை என்பதையே மறந்துபோய் ஒரு பூதத்தை இரண்டு முறை அடிக்கவிட்டேன். ஒரு பாலத்தை வர்ணிக்கத் தொடங்கி நடுவில் பாலம் எந்த ஆற்றின் மேல் என்று தெரியாமல் நின்றேன். என் சத்திரக்காரர் என் குரலிலேயே பேசுகிறார், அதுவும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் அப்டேட் கொடுக்கிற தொனியில். நான்காவது வழி இருக்கா என்று அவன்தான் கேட்டான். எல்லோரையும் ஐந்து நிமிடம் மியூட்டில் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பால் அடுப்பில் வைத்தேன்.