பரண் ஏறாத பெட்டி

மழை எச்சரிக்கை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் இந்தத் தெருக்களில் இருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. ஏரி கிடந்த இடத்தில் வீடு கட்டினால் ஏரி அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கத்தான் செய்யும். நம்மிடம் கார் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் நாம் நடத்தும் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பரணில் ஏற்றுகிறோம்.

2015 வரை அவை தரைத்தளத்தில், மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது அலமாரிக் கதவு உப்பிப்போய்த் திறக்க மறுத்தது. நெம்பித் திறந்தால் கட்டுகள் ஊறிய ரொட்டிபோல இருந்தன. பக்கத்தைப் பிரித்தால் கையோடு வந்தது. முன்பக்கத்துக் கவிதையும் பின்பக்கத்துக் கட்டுரையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து புதுவகைப் பரிசோதனை எழுத்தாகியிருந்தன. பின் அடித்த இடங்களில் துரு, வெற்றிலை துப்பியதுபோல. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். குனிந்து ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரப் பேப்பரு எட போட மாட்டேன் சார். காய வெய்யிங்க, அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திரும்ப வராததில் ஒரு வருத்தமும் இல்லை. முதல் பதினோரு இதழ்கள் அதோடு நம்மிடம் இல்லாமல் போயின என்பதுதான் வருத்தம். நாமே போட்ட இதழ், நம்மிடமே இல்லாமல் போனது.

இந்த இதழின் அட்டையில் இருக்கும் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் வெள்ளக் கணக்குப் பாடிக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அட்டையில் இருப்பவர் டி.பி.ராஜலட்சுமி. போன மாதம் வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்து சிமென்ட் பெஞ்சில் இரண்டு பெண்கள், மடியில் டிஎன்பிஎஸ்சி கைடு. ஒருத்தி கேட்க, மற்றவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"முதல் தமிழ்ப் பேசும் படம்?"

"காளிதாஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

"கதாநாயகி?"

"டி.பி.ராஜலட்சுமி."

"ஓகே, அடுத்து."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வேலைக்குப் போக வேண்டும், ஒரு மார்க்குக்கு இவ்வளவு போதும். ஆனால் எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகிறோம். முதல் கதாநாயகி, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர், 'சினிமா ராணி'. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் இந்த மூன்று பட்டங்களையும் தூசு தட்டி எடுத்து மாட்டுகிறோம், மறுநாள் கழற்றி வைக்கிறோம். ஒருவர் எப்படி நடித்தார், எப்படிப் பாடினார், கேமராவுக்குப் பின்னால் நின்றபோது காட்சியை எங்கே வெட்டினார் என்று பேச ஒன்றுமில்லாதபோது 'முதல்' என்ற சொல் நன்றாகக் கைகொடுக்கிறது.

1911 நவம்பரில் திருவையாற்றில் பிறந்தவர். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி. பெயரில் இருக்கும் 'டி.பி.' ஊரும் அப்பாவும். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்ப வழக்கப்படி பால்ய விவாகம், அது நிலைக்கவில்லை. தகப்பனும் போன பிறகு, தாயோடு திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். வாழாவெட்டி என்று ஊர் முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்திருக்கக்கூடிய ஒரு சிறுமி, அந்த முத்திரையைவிட மோசமானதாகக் கருதப்பட்ட 'கூத்தாடி' என்ற பெயரைத் தானே போய் வாங்கிக்கொண்டாள். இதை 'அந்தக் காலத்திலேயே புரட்சி' என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது சாப்பாட்டுக்கான வழியாகத்தான் தெரிகிறது. அதனால் மதிப்பு குறையவில்லை.

மௌனப் படத்துக்குக் குரல் தேவைப்படவில்லை. ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு புராண நாயகிகளாக நடித்துவிட முடிந்தது. பேச்சு வந்ததும் நிலைமை தலைகீழ். பின்னணிப் பாட்டு கிடையாது. நடிக்கிறவரே பாட வேண்டும், அதுவும் கேமரா ஓடும்போதே. அப்படிப் பாடக்கூடியவர்கள் நாடக மேடையில்தான் இருந்தார்கள். பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி 1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா'வை வெளியிட்ட கையோடு தெற்கே ஆள் தேடியது. அதே செட், அதே கருவிகள், இயக்கம் எச்.எம்.ரெட்டி. 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வந்தது. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று வடசென்னைக்காரர்கள் அறிந்திருந்த கொட்டகை அது. பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியைப் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பது திரும்பத் திரும்ப எழுதப்பட்ட செய்தி. பெட்டிக்குக் கற்பூரம் காட்டிய ஊர் இது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் ராஜலட்சுமி தமிழ் பேசினார். காளிதாசனாக நடித்த பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கு பேசினார். அவள் ஒரு மொழியில் கேட்க, அவன் இன்னொரு மொழியில் சொல்ல, படம் பாட்டுக்குப் போனது. மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டுகள். இராட்டையைப் பற்றி ஒரு தேசியப் பாட்டுகூட. காளிதாசன் காலத்துக் கதைக்கும் காந்தியின் இராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சின்ன வேடத்தில் எல்.வி.பிரசாத் என்ற இளைஞர். பின்னாளில் சாலிகிராமத்தில் ஸ்டுடியோ கட்டியவர் அவர்தான். இப்போது 'பான் இந்தியா படம்' என்று கோடிக்கணக்கில் செலவழித்து விளம்பரம் செய்கிறார்கள். பம்பாய் செட்டில், தமிழ்க் கதாநாயகி, தெலுங்கு வசனம், வடமொழிக் கவிஞனின் கதை, குஜராத்தி மொழி பேசும் பார்சி முதலாளி. 1931லேயே வேலை முடிந்துவிட்டது.

'காளிதாஸ்' அவரைப் பேர் சொல்ல வைத்தது. கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' (1933) தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. அதில் நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தை மணந்துகொண்டார். இதற்கெல்லாம் பிறகு வருகிறது 1936. நம்மை இந்த அட்டைக்கு இழுத்து வந்த ஆண்டு அதுதான்.

தன் கதையை எடுத்து, தானே தயாரித்து, இயக்கி, நடித்து 'மிஸ் கமலா'வை வெளியிட்டார். புராணங்கள் வரிசைகட்டி நின்ற காலத்தில், தலைப்பிலேயே 'மிஸ்' போட்ட சமூகப் படம். வயது 25ஐ ஒட்டி. அதே 1936ல் ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் படம் இயக்கிக்கொண்டிருந்த பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான். அங்கே ஒருவர், இங்கே ஒருவர். இங்கே இருந்தவரிடம் ஸ்டுடியோ இல்லை, சொந்தப் பணம்தான். ஒரு காட்சியை எடுக்கும்போது தான் நடிக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, கேமரா இருக்கும் இடத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும். மானிட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்? யாரை நிற்க வைத்து ஒத்திகை பார்த்தார்? ஆண்கள் நிறைந்த தளத்தில் 'கட்' என்று சொன்னபோது குரல் எப்படி இருந்தது? ஒரு ரீல் கிடைத்தாலும் இதில் பாதிக்காவது ஊகம் சொல்லலாம். ஒரு ரீலும் இல்லை. 'காளிதாஸ்' இல்லை. 'மிஸ் கமலா' இல்லை. இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் பாத்மா பேகம் 1926ல் எடுத்த 'புல்புல்-இ-பரிஸ்தான்' இல்லை. பேசும் படம் என்று இந்தியாவில் முதலில் பேசிய 'ஆலம் ஆரா'வே இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. தீடா பாரா. சின்சினாட்டியில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்த தியோடோசியா குட்மேன். ஃபாக்ஸ் கம்பெனியின் விளம்பர இலாகா அவரைச் சகாரா பாலைவனத்தில் பிறந்த மர்மப் பெண் என்று கதை கட்டியது. 40 படங்கள் போல நடித்தார்; 1917ல் வந்த 'கிளியோபாட்ரா' உலகம் சுற்றியது. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸின் கிடங்கு தீப்பிடித்தது. அவர் படங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. 'கிளியோபாட்ரா'வில் இன்று மிஞ்சியது சில நொடிகள். அதற்குப் பிறகும் 18 ஆண்டுகள் உயிரோடிருந்தார். தன் படங்களுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் தான் இருப்பது எப்படிப்பட்ட இருப்பு என்று நினைத்துப் பார்க்கிறேன். பாம்பு அணிந்த அந்த ஸ்டில் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அசையாத கண்கள்.

அவருக்காவது நெருப்பைச் சொல்லலாம். நமக்கு என்ன சொல்வது? அன்றைய ஃபிலிம் நைட்ரேட். தானாகவே தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து, தேனாக வடிந்து, கடைசியில் பழுப்புத் தூளாகும். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று ஓடி, டூரிங் டாக்கீஸ் வரை போய், பல் கிழிந்து, ஒட்டு மேல் ஒட்டுப் போட்டுத் திரும்பும் பெட்டியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. கழுவினால் வெள்ளி கிடைக்கும். கழுவினார்கள். வரும்போது கற்பூரம் காட்டிய பெட்டியைத் திரும்பும்போது எடைக்குப் போட்டோம். அன்றைக்குப் பேப்பர்காரர் ஈரம் என்று மறுத்தார்; ரீலை யாரும் மறுக்கவில்லை.

முதலாளிகளைத் திட்டி ஆகப்போவதில்லை. அரிசி வாங்கப் பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தவர்களும் அவர்களில் உண்டு. அரசுகள் என்ன செய்தன என்றால், இந்தியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியது 1964ல். ராஜலட்சுமி இறந்தது 1964 ஆகஸ்டில். அமெரிக்காவிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்களுடைய காங்கிரஸ் நூலகம் 2013ல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. 1912 முதல் 1929 வரை வந்த ஏறத்தாழ 11,000 மௌனக் கதைப்படங்களில் மூல வடிவத்தில் முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம். எண்ணினார்கள் என்பதுதான் வித்தியாசம். இங்கே அந்த வேலையை ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனி மனிதர், வீட்டில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் செய்தார். எந்தப் படம், எந்த ஆண்டு, யார் நடித்தது என்று நாம் இன்று ஒரு விரல் தட்டலில் தெரிந்துகொள்வதில் கணிசமான பங்கு அவர் கையெழுத்திலிருந்து வந்தது. திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள் இல்லாவிட்டால் தமிழ் மௌனப் படக் காலத்தைப் பற்றி இவ்வளவுகூடப் பேச வழியில்லை.

இந்த இதழ் வேலைக்காகத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நான்கு நாள் போய் வந்தேன். வேளச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம். திரைப்படக் கல்லூரியும் அதே தரமணியில்தான். கோட்டையூரில் ஒரு விளம்பரப் பலகை ஓவியர், கையில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் சேர்த்து வைத்தாரே, அந்தச் சேகரம்தான் இந்த நூலகத்தின் வேர். புத்தகம் மட்டுமல்ல, நோட்டீசு, அழைப்பிதழ், சினிமாப் பாட்டுப் புத்தகம். மற்றவர்கள் பஜ்ஜி மடித்த காகிதம்.

மேசையில் 1930களின் பாட்டுப் புத்தகம் ஒன்று. ராஜலட்சுமி நடித்த படம் அல்ல, யாரோ மறந்துபோன ஒரு நடிகையின் படம். உள்ளங்கை அகலம். காகிதம் சோளப்பொரி நிறத்தில், ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. புரட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் நடிகர் பட்டியல். பிறகு கதைச் சுருக்கம், அதுவும் முழுசாக இல்லை. ராஜகுமாரியைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள், புலி வருகிறது, அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழே, எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் தவறாமல் வரும் அந்த வாசகம்: மீதியை வெள்ளித்திரையில் காண்க.

அரை அணாவோ ஓர் அணாவோ கொடுத்து வாங்கி, கொட்டகை வாசலில் நின்று அதைப் படித்த ஒருவர் உள்ளே போயிருப்பார். புலி என்ன செய்தது என்று பார்த்திருப்பார்.

நம் முதல் பதினோரு இதழ்களில் எட்டு, போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய பார்சலில் வந்து சேர்ந்தன. இரண்டு, நான்கு, ஒன்பது இன்னும் வரவில்லை. யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். தபால் செலவை நாம் ஏற்கிறோம். பரணில் இடம் இருக்கிறது.