ஃபிரைடு ரைஸ் வண்டியை ஏன் திட்டுறீங்க?

சைனாக்காரன் சாப்பாடு வந்து நம்ம ஊர்க்காரன் நாக்கையே கெடுத்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல வாரம் ஒரு தடவையாவது யாராவது அனுப்பிடுறாங்க. அனுப்புறதுல பாதிப்பேர் கோஸ் போட்டிருக்கிற சம்சாரிங்க. அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

சரி, பார்த்துட்டே பேசுவோம்னு போன சனி, ஞாயிறு ரெண்டு சாயங்காலமும் பைக்கை எடுத்துக்கிட்டு தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு கடைவீதி கடைவீதியா சுத்தினேன். பெனிகுவிக் பேர் வச்ச தேனி புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆரம்பிச்சு, கம்பம் மெயின் ரோடு வரைக்கும். ஆறு மணிக்கு மேல தெருவே வேற மாதிரி ஆயிடுது. புரோட்டா கல்லுல அடிக்கிற சத்தம் ஒரு பக்கம், பிரியாணி அண்டா ஒரு பக்கம், பருத்திப்பால் வண்டி ஒரு பக்கம். நடுவுல சிவப்பு போர்டு போட்டு, கேஸ் அடுப்பு நெருப்பு ஆள் உசரத்துக்கு எழும்ப, ஃபாஸ்ட் ஃபுட் வண்டிங்க. கூட்டம் எங்கேன்னு கேட்டா அங்கேதான். காலேஜ் பசங்க, ஏலத்தோட்ட வேலைக்குப் போயிட்டு ஜீப்புல வந்து இறங்குறவங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்கள்.

சின்னமனூர்ல ஒரு வண்டியில சிக்கன் ரைஸ் சொல்லிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்தேன். அடுப்புல நிக்கிற தம்பி பக்கத்துக் கிராமத்துப் பையன்தான். “கோஸ் எங்கப்பா வாங்குற?”ன்னு கேட்டேன்.

“மார்க்கெட்லதாண்ணே. தினம் ஒரு மூட்டை வேணும். வெலை ஏறுனாலும் வேணும், எறங்குனாலும் வேணும்.”

“தோட்டத்துல நேரா வாங்கலாம்ல?”

“யாருண்ணே தினம் ஒரு மூட்டை தர்றா? ஏவாரிக்கு மொத்தமா குடுத்துட்டு நிம்மதியா இருக்காங்க. நம்மள ஒரு ஆளா மதிக்கிறதில்ல.”

இந்தப் பதிலைத்தான் வாட்ஸ்அப் குரூப்ல போடணும். கோஸ் விலை விழுந்தா பறிகூலிக்குக்கூட கட்டாதுன்னு ஆட்டுக்கிடையை விட்டு மேய்க்கிறோம், இல்ல டிராக்டர் விட்டு ஓட்டுறோம். அந்த நாள்லயும் இந்த வண்டிக்காரன் ஒரு மூட்டை வாங்கிக்கிட்டுத்தான் இருக்கான். ரோட்டோரம் காளான்னு விக்கிறானே, அதுல முக்காவாசி கோஸ்தான், காளான் பேருக்குத்தான். கொதிக்கக் கொதிக்க தட்டுல போட்டுத் தர்றான், சனம் வாங்கித் தின்னுது. நஷ்டம் யாருக்கு?

சைனா சாப்பாடுங்கிறதே பாதி கதை. மஞ்சூரியனை சைனாவுல போயி கேட்டா முழிப்பான். கல்கத்தாவுல பிறந்த நெல்சன் வாங், 1975ல பம்பாய் கிரிக்கெட் கிளப்புல சமைச்சுக்கிட்டிருந்தப்போ உண்டாக்குனதுன்னு சொல்றாங்க. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மேல சோயா சாஸ், மக்காச்சோள மாவு. கணக்குப் பண்ணிப் பாருங்க, சாஸைத் தவிர எல்லாம் நம்ம காட்டுல விளையறது. அஜினமோட்டோகூட சைனா சரக்கு இல்ல. 1908ல ஜப்பான் விஞ்ஞானி இகேடா கண்டுபிடிச்சது.

இன்னொன்னு. டீக்கடையில ‘சீனி கம்மியா போடுங்க’ன்னு சொல்றோமே, அந்தச் சீனி எங்கேருந்து வந்துச்சு? வெள்ளைச் சர்க்கரைக்கு வடக்கேயும் சீனிதான் பேரு, சீனாவை வச்சு வந்த பேரு. கல்கத்தா பக்கம் முதல்ல வந்து குடியேறுன சீனாக்காரர் ஆச்சியூ, 1700கள் கடைசியில அங்க சர்க்கரை ஆலை வச்சவர். அந்த ஊருக்கு இன்னைக்கும் அச்சிப்பூர்னுதான் பேரு. கல்கத்தா டாங்ராவுல தோல் பதனிட்டவங்கதான் பின்னாடி ஹோட்டல் போட்டு இந்தச் சாப்பாட்டை நாடு முழுக்கப் பரப்புனதுல பெரிய பங்கு. நம்ம அடுப்படியில சீனச்சட்டி எத்தனை காலமா இருக்கு? அதுல உளுந்தவடை சுட்டா நம்ம பலகாரம், ரைஸ் கிண்டினா அந்நியமா?

சைனாவைப் பத்திப் பயப்படணும்னா வேற ஒரு விஷயத்துக்குப் பயப்படுங்க. பூண்டு. உலகத்துலயே அதிகம் பூண்டு விளையறது அங்கதான், ரெண்டாவது நம்ம நாடு. நோய் பரவும்னு 2014லயே சைனா பூண்டு இறக்குமதிக்கு இங்க தடை போட்டாச்சு. ஆனாலும் நேபாளம் வழியா கடத்திக்கிட்டு வந்து பிடிபடுற செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. நம்ம பெரியகுளம் பக்கம் வடுகபட்டியில பூண்டுச் சந்தை எத்தனை பெரிசு! கொடைக்கானல் மலையில பூம்பாறை, மன்னவனூர்ல விளையிற மலைப்பூண்டு மூட்டை மூட்டையா இறங்குறது அங்கதான். 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டு அது. பல்லு சிறுசு, காரம் ஜாஸ்தி, தொங்கவிட்டா மாசக்கணக்குல கெடாது. சைனாப் பூண்டு வெள்ளை வெளேர்னு, பல்லு பெரிசு, தோலு சட்டுன்னு உரியும், காரம் பத்தாது. கடைக்காரனுக்கு உரிக்கிற கூலி மிச்சம், அதுதான் ஆபத்து. ரெண்டு நாள்ல நான் நின்ன வண்டிகள்ல பாதியில பாக்கெட் விழுதுதான். எந்தப் பூண்டுன்னு கேட்டா அவனுக்கே தெரியாது.

எனக்கு உறுத்துனது இதைவிட ஒண்ணு. கம்பத்துல சாப்பிட்டு முடிச்சிட்டு ஜூஸ் குடிக்கலாம்னு மூணு கடை ஏறினேன். திராட்சை ஜூஸ் இருக்குன்னாங்க. மூணுலயும் பாட்டில்ல வந்த கலர் தண்ணி! கடைக்குப் பின்னாடி நாலு கிலோமீட்டர்ல பந்தல் பந்தலா பன்னீர் திராட்சை தொங்குது, வருஷம் முழுக்கக் காய்க்குது. 2023ல அதுக்கும் குறியீடு குடுத்திருக்காங்க. சனி, ஞாயிறானா தேக்கடிக்கும் மேகமலைக்கும் சுருளிக்கும் போறவன் காரு வரிசை கட்டி நிக்குது. அவன் கையில ஒரு டம்ளர் பன்னீர் திராட்சை ஜூஸ் குடுக்க நம்மகிட்ட ஒரு கடை இல்ல. ரைஸ் வண்டிக்காரன் தெருவுல நின்னு நெருப்பைக் காட்டி விக்கிறான். நாம குறியீடு சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிட்டு ஏவாரி வருவான்னு உட்கார்ந்திருக்கோம்.

சின்னமனூர் தம்பி நம்பரை வாங்கி வச்சிருக்கேன். நம்ம பக்கம் கோஸ் போட்டிருக்கிறவங்க நாலு பேர் சேர்ந்தா, முறை வச்சு தினம் ஒரு மூட்டை குடுக்கலாம். பணம் அன்னன்னிக்கே தர்றேங்கிறான். மலைப்பூண்டு உரிச்சுக் குடுத்தா அதையும் எடுத்துக்கிறானாம், கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலா போனாலும் பரவாயில்லையாம். விருப்பம் இருக்கிறவங்க சொல்லுங்க, வர்ற புதன்கிழமை போயி பேசிட்டு வரலாம்.