பொதுப் படிக்கட்டு

வீடு என்பது நான்கு சுவருக்குள் அடங்கும் பொருள் என்றே பலரும் கருதுகின்றனர். சற்று ஆராய்வோமாயின் அக்கருத்துப் பொருந்தாது என்பது விளங்கும். சுவருக்கு அப்பால் வேலி உண்டு. வேலிக்கு அப்பால் ஒழுங்கை உண்டு. ஒழுங்கையின் ஓரத்தே வடிகான் உண்டு. அவ்வடிகான் அடைபட்டால் எத்துணைச் செல்வர் வளவிலும் வெள்ளம் நிற்கும். ஆகவே, நம் வீட்டின் நலத்தில் ஒரு பாதி அயலவர் கையில் இருக்கின்றது. அவர் வீட்டின் நலத்தில் ஒரு பாதி நம் கையில் இருக்கின்றது. இந்த எளிய உண்மையின்மேல் எழுந்ததே கூட்டு வாழ்வு. அதனை எவ்வாறு முறைப்படுத்திக் கொள்வது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

சவளக்கடையில் இருந்து நோக்கும்போது இவ்வினாவுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒருபுறம் பரந்த வயல்வெளி. கிட்டங்கியைக் கடந்து கிழக்கே சென்றால் கல்முனையும் கடலும். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில், மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை, வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. தாய் வாழும் வளவிலேயே மகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தல் நம் கரையோரத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். மகள்மார் பெருகப் பெருக வளவு சுருங்கிற்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கரையோர வீடுகளை வாரிச் சென்றது. கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டுதலுக்கு அரசு தடை வகுத்தது. உள்ளேயோ நிலம் இல்லை. பக்கவாட்டில் பரவ வழியற்ற ஊர் மேல்நோக்கி உயர்ந்தது. கல்முனையில் ‘கிறீன் பீல்ட்’ என வழங்கும் தொடர்மாடி வீட்டுத்திட்டம் போன்றவை இவ்வாறு தோன்றியவையே.

வளவில் வாழ்ந்தவர் மாடிக்குச் சென்றபோது மாறியது முகவரி மட்டுமன்று. வளவில் கிணறு தமது; முற்றம் தமது; கழிவுக் குழியும் தமது. ஒருவர் முற்றம் கூட்டாது விட்டால் குப்பை அவர் வாசலிலேயே கிடக்கும். தொடர்மாடியில் நிலைமை வேறு. கூரை எல்லோருக்கும் உரியது. படிக்கட்டு எல்லோருக்கும் உரியது. தண்ணீர்த் தாங்கியும், நீரை மேலேற்றும் மோட்டரும், நிலத்தடியிலுள்ள கழிவுநீர்க் குழியும் எல்லோருக்கும் உரியவை. எல்லோருக்கும் உரியது என்றால் எவருக்கும் உரியதன்று என்று கொள்வது மனித இயல்பு. மேல்மாடியில் உள்ளவர் கவலையின்றி ஊற்றும் நீர் கீழ்மாடியில் உள்ளவரின் சுவரில் கசிகின்றது. குழி நிரம்பும்போது நாற்றம் முதலில் கீழ்வீட்டுக்கே செல்லும். கூரை ஒழுகும்போது மேல்வீட்டுக்காரர் மட்டுமே நனைவார். ஆதலின், கூரைக்குக் காசு கேட்டால் கீழ்வீட்டார் முகம் சுளிப்பர். குழிக்குக் காசு கேட்டால் மேல்வீட்டார் முகம் சுளிப்பர். இரண்டும் ஒரே கட்டடத்தின் உறுப்புகள் என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

இத்தகைய வாழ்வுக்கென உலகெங்கும் சட்டங்கள் எழுந்தன. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இலும், சிங்கப்பூர் 1967இலும் மாடிவீட்டு உடைமைக்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 1994இல் ஒன்றை இயற்றிப் பின்னர் 2022இல் புதியதொன்றைக் கொணர்ந்தது. இலங்கையில் இதற்கான சட்டம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகும். மாணவர்கள் அதன் சாரத்தை அறிந்துகொள்வது நன்று. இச்சட்டத்தின்படி பதிவு பெற்ற தொடர்மாடியில், ஒருவர் தம் வீட்டுக்குத் தனி உரிமையாளர். படிக்கட்டு, கூரை, நிலம் முதலியவற்றுக்கு ஏனையோருடன் பங்குரிமையாளர். வீட்டு உரிமையாளர் அனைவரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பொதுப் பகுதிகளைப் பேணுதலும், அதற்கென நிதி திரட்டுதலும் அதன் கடமை. பங்குக்கு ஏற்பக் கட்டணம் செலுத்துவது உரிமையாளரின் கடமை. இவற்றை மேற்பார்வை செய்வதற்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்ற அரச நிறுவனமும் உண்டு.

சட்டம் சபையை அமைத்துத் தரும்; சபைக்குள் நல்லெண்ணத்தை அமைத்துத் தர அதனால் இயலாது. அந்நல்லெண்ணத்தை நாம் எங்கிருந்து பெறுவது? வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. வயலுக்குச் சென்றாலே போதும்.

நம் பகுதியில் வட்டைவிதானை என்ற சொல்லை அறியாத உழவர் இல்லை. வட்டை என்பது ஒரு நீர்ப்பாய்ச்சலுக்குட்பட்ட வயற்பரப்பு. அப்பரப்பில் எப்போது வாய்க்கால் வெட்டுவது, எந்நாளில் விதைப்பது, எப்போது மாடுகளை வெளியேற்றுவது என்பவற்றையெல்லாம் போகத் தொடக்கத்துக் கூட்டத்தில் உழவர் கூடித் தீர்மானிப்பர். தீர்மானித்தவற்றை வட்டைவிதானை நடைமுறைப்படுத்துவார். வயல் ஒவ்வொருவருக்கும் தனியுடைமை, நீரோ பொதுவுடைமை. தொடர்மாடியின் நிலையும் இதுவேயன்றோ? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாருக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. ஆயினும், கூடிப் பேசி நீரைப் பங்கிடும் வழக்கம் அழியவில்லை.

அவ்வழக்கம் ஒருமுறை பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரம் நம் பகுதிக்கு நீர் தரும் பெருங்குளமாகும். அதன் இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களக் குடியேற்ற உழவரும், கடைப்பகுதியில் தமிழ் பேசும் உழவரும் பயிரிட்டனர். தலைப்பகுதியில் நீர் மிகுந்து வீணாகும். கடைப்பகுதிக்கு வந்து சேராது. வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. மதகுகள் உடைந்து கிடந்தன. உழவர் அதிகாரிகளைக் குறை கூறினர். அதிகாரிகள் உழவரைக் குறை கூறினர். 1981ஆம் ஆண்டு கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகள் சிலரைப் பயிற்றி அவ்வூர்களுக்கு அனுப்பின. அவ்வாண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில் குளத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நீரே இருந்தது.

அவ்விளைஞர்கள் சென்றவுடன் சங்கம் அமைக்கவில்லை. தலைவர் தேர்தல் நடத்தவில்லை. வீடு வீடாகச் சென்று உழவரின் இடர்களைக் கேட்டனர். ஒரே கிளை வாய்க்காலில் நீர் பெறும் பத்து, இருபது பேர் ஒருங்கே அமர்ந்து பேசினர். பேச்சு முடிந்ததும் மண்வெட்டியை எடுத்தனர். ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்கள் துப்புரவாயின. முறைவைத்து நீர் பாய்ச்சும் ஒழுங்கு வந்தது. தமக்குக் கிடைத்த நீரில் மிச்சம் பிடித்துக் கடைப்பகுதி உழவருக்கு விட்டுக்கொடுக்கத் தலைப்பகுதி உழவர் முன்வந்தனர். மொழியாலும் இனத்தாலும் வேறுபட்டோர், அதுவும் நீர் குறைந்த காலத்தில், இவ்வாறு செய்தனர் என்பதே இதன் சிறப்பு. வேலை முதலில் நடந்தது. சங்கம் பின்னரே வந்தது. வாக்குக்கு நின்று ஒருவரையொருவர் தோற்கடிக்காமல், எல்லோரும் உடன்பட்டு ஏற்ற ஒருவரே சம்பளமில்லாப் பிரதிநிதியாக அமர்ந்தார். இவ்வனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் என்ற அறிஞர் 1992இல் நூலாக எழுதினார். பொதுவளங்களை மக்களே ஆளும் முறையை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையாரும் தமது நூலில் கல்லோயாவை எடுத்துக்காட்டினார்.

இனி, தலைவாய்க்கால் என்றவிடத்து மேல்மாடி என்றும், கடைவாய்க்கால் என்றவிடத்துக் கீழ்மாடி என்றும் வைத்துப் பாருங்கள். மாடிவீட்டில் வாழ்வோர் முதற் கூட்டத்திலேயே தலைவர் யார், செயலாளர் யார் என்று வாதிடுவதினும், அடைபட்ட ஒரு குழாயைச் சேர்ந்து திருத்துவது மேல். ஒரு காரியம் நிறைவேறியதைக் கண்ட கண்கள் அடுத்த காரியத்தை நம்பும்.

நம்பிக்கை பிறந்த பின்னர் அதனைக் காப்பது கணக்கு. இதில் நம் முன்னோர் மிகக் கண்டிப்பாக இருந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஓர் ஊர்ச்சபையின் தேர்தல் விதிகளைக் கூறுகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இவ்வாறு தேர்ந்தோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என அமர்ந்து பணியாற்றினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க இயலாது. அவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது! அண்மைக் காலத்தில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. ஒரே மனிதர் பதினைந்து ஆண்டு பொருளாளராக வீற்றிருக்கும் இக்காலச் சங்கங்கள் இவ்விதியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பழமை என்பதனால் அச்சபையை முற்றும் போற்றவும் நாம் துணியோம். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலமும் உடைய அந்தண ஆடவரே அதில் அமர முடிந்தது. அதே நிலத்தில் உழுதவருக்கும், எந்தப் பெண்ணுக்கும் அங்கு இடமில்லை. அக்குறை இன்று நீங்கிவிட்டதா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் தகும்.

நம் கரையோரத்தில் வீடு பெண்ணின் சீதனம். உறுதி அவள் பெயரிலேயே எழுதப்படுவது வழக்கம். அவ்வாறாயின், வீட்டு உரிமையாளர் கூட்டம் என்றால் அது பெரும்பாலும் பெண்கள் கூட்டமாகவே இருத்தல் வேண்டும். ஆனால் நாற்காலிகளில் அமர்வோர் கணவன்மார். தேநீர் கொணர்வோர் உரிமையாளர்! ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கிய வீடுகள் பலவற்றை, குடும்பத் தலைவர் என்ற பெயரால் அரசு ஆடவர் பெயரிலேயே எழுதியது. தாய்வழி வந்த உரிமை அவ்விடத்தில் சத்தமின்றி நழுவிற்று. தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கின்றது, எந்தக் குழாய் ஒழுகுகின்றது, எந்தக் குழந்தை இருண்ட படியில் இடறி விழுந்தது என்பவற்றை அறிந்தவர் பெண்களே. அறிந்தவர் பேசாதிருக்க, அறியாதவர் தீர்மானம் நிறைவேற்றும் சபை எவ்வாறு சிறக்கும்? பேச உரிமையற்ற இன்னொருவர் வாடகைக்கு இருப்பவர். அவரும் அதே படியில் ஏறுகிறார். அதே நீரைக் குடிக்கிறார். வாக்குரிமை இல்லாவிடினும் அவருக்குச் செவி கொடுத்தல் முறை.

தவறு செய்தவரை எவ்வாறு திருத்துவது? ஒஸ்ட்ரம் அம்மையார் உலகின் பல பாகங்களிலும் நெடுங்காலம் நிலைத்த கூட்டுறவுகளை ஆராய்ந்து ஒரு பொதுத்தன்மையைக் கண்டார். அவற்றில் முதற் பிழைக்குச் சிறு தண்டனையே உண்டு. பிழை தொடர்ந்தால்தான் தண்டனை வளரும். சந்தா கட்டாத வீட்டாரின் பெயரை முதல் மாதத்திலேயே அறிவித்தற் பலகையில் ஒட்டுவது காசையும் தராது, உறவையும் கெடுக்கும். முதலில் ஒருவர் சென்று, “என்ன கரைச்சல், தம்பி?” என்று கேட்கட்டும். வேலையிழந்த வீடாயின் தவணை கொடுக்கலாம். வசதியிருந்தும் கொடாதவராயின் அதன்பின் விதி பேசட்டும். ஆனால் அவ்விதி தலைவரின் மைத்துனருக்கும் ஒன்றாகவே பேசுதல் வேண்டும்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நம் ஊர்களில் இன்னொரு பாடமும் உண்டு. நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து சமைக்கும் வீட்டின் ஓசையைப் பக்கத்து வீடு பொறுத்துக்கொள்கின்றது. பொங்கலன்று வாசலில் எழும் புகையை அந்த வீடு பொறுத்துக்கொள்கின்றது. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கோயிலைப் பேணும் வண்ணக்கரும், பள்ளிவாசலைப் பேணும் மரைக்காரும் தத்தம் மக்களின் பொதுச்சொத்தைப் பல தலைமுறையாகக் காத்து வந்தவர்கள். இறைவன் சொத்தைக் காக்கத் தெரிந்த சமூகங்களுக்கு ஒரு படிக்கட்டைக் காக்கத் தெரியாது என்று நாம் நம்பவில்லை. பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வீதியிலும் குப்பை போடக் கூசும் கை, மாடிப்படியில் கூசாதிருப்பது ஏன்? முன்னதை நம்முடையது என்கிறோம். பின்னதை அரசு கட்டித் தந்தது என்கிறோம். கொடுத்தவர் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார், வாழ்பவர் நாமே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் குடியாட்சி முறையைப் பாடநூலில் படித்து, பாராளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர் என்று மனனம் செய்கின்றீர்கள். உங்கள் தொடர்மாடியில், உங்கள் ஒழுங்கையில், உங்கள் வட்டையில் அடுத்த கூட்டம் எந்நாள் என்று கேட்டறிந்து, ஒருமுறை சென்று அமருங்கள். கூட்டறிக்கை எழுத ஆள் இல்லையெனில் எழுதிக் கொடுங்கள். வரவு செலவைக் கூட்டிப் பார்த்துப் பொருளாளருக்கு உதவுங்கள். எழுதப்பட்ட கணக்கையும் அறிக்கையையும் எல்லோரும் காணும்படி படிக்கட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். அம்மாவையும் அழைத்துச் செல்ல மறவாதீர்கள். வீடு அவர் பெயரில் இருக்கக்கூடும்.