வாழ்த்தவா, வினவவா?

சீன மருத்துவர்களும் அம்மருத்துவத்தை ஆராய்வோரும் பல நாடுகளிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடும் மாநாடுகள் இன்று பெருகிவிட்டன. 2003இல் பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய உலகச் சீன மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு, வெவ்வேறு நாடுகளில் பேரவை கூட்டி வருகிறது. கூடுவது நன்று. ஆனால் எதற்காகக் கூடுவது? பழமையை வாழ்த்தவா, வினவவா?

1981 அக்டோபரில் பெய்ஜிங்கில் நடந்த ஒரு கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். மலேரியாவுக்கு மருந்து காண உலக நலவாழ்வு நிறுவனம் அமைத்திருந்த அறிவியல் குழு அங்கே கூடிற்று. சீனர் 'சிங்ஹாவ்சு' என்றும் உலகம் 'ஆர்ட்டிமிசினின்' என்றும் அழைக்கும் மருந்தே அன்று பேசுபொருள். அதன் வேதியியலை எடுத்துரைத்தவர் தூ யூயூ என்னும் அம்மையார்.

அவர் அவைக்குக் கொண்டுவந்தது பழம்பெருமையை அன்று, பத்தாண்டு உழைப்பை. அவருடைய குழு இரண்டாயிரம் பழைய மருந்துக் குறிப்புகளைத் திரட்டிற்று. ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. காரணம் என்ன? நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹோங், அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னாரேயன்றிக் காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பந்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்றார் தூ யூயூ. 35 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4ஆம் நாள், 191ஆம் எண்ணிட்ட சாறு எலிகளின் மலேரியாவை முற்றும் ஒழித்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், அவரும் தோழர்களும் தாமே அதை உண்டு சோதித்தனர். 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

'பார்த்தீர்களா, எல்லாம் எங்கள் ஏட்டிலேயே இருக்கிறது' என்று மார்தட்டுவோர் உண்டு. ஏட்டில் இருந்தது ஒரு குறிப்பு, மருந்தாக்கியது சோதனை. 'ஏடுகளெல்லாம் குப்பை' என்று எள்ளுவோரும் உண்டு. அந்த ஏடு இல்லையேல் இந்த ஐயமே பிறந்திராது. இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

ஐயுறாத பழமை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை கலந்த மருந்து உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதாகி வருந்தினர். 1993இல் இச்செய்தி மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. ஃபாங் ஜி என்னும் பெயரால் இரு வேறு செடிகள் வழங்கியமையால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டது. புகுந்தது அரிஸ்டோலோக்கியா இனம். அவ்வினச் செடிகள் கலந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று 2002இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. பல நூற்றாண்டுப் பழக்கம் இந்நஞ்சைக் காட்டிக் கொடுக்கவில்லை. உண்டவுடன் கொல்லும் நஞ்சை அனுபவம் அறியும். ஆண்டுகள் கழித்துக் கொல்லும் நஞ்சை அது எங்ஙனம் அறியும்?

'பல மூலிகை சேர்ந்து, ஆளுக்கு ஏற்ப மாறுவது எங்கள் மருத்துவம். ஒற்றைப் பொருளைப் பிரித்துச் சோதிப்பது அதற்குப் பொருந்தாது' என்பர் சீன மருத்துவர். இது தள்ளத்தக்க வாதமன்று. பொருந்தும் சோதனையை அவர்களே வகுக்கட்டும். முடிவு எதுவாயினும் ஏற்கட்டும். 'சோதனையே வேண்டா' என்பது மட்டும் வாதமாகாது. பயன் தராத மருந்து இது, தீங்கு செய்த மருந்து இது என்று எழுந்து சொல்வோர்க்கும் மேடையில் இடம் வேண்டும். அவ்விடம் உண்டா என்பதே மாநாட்டின் உரைகல்.

நண்பர்களே, சீனர் கதை நமக்கு எதற்கு என்று கேளாதீர்கள். அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்ததே நம் சித்த மருத்துவத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளை. 2023 ஆகஸ்டில் மரபு மருத்துவத்துக்கான முதல் உலக மாநாட்டை உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டியதும் நம் நாட்டுக் காந்திநகரிலேதான். நம்மிடையே வேதியியல் பயில்வோர் உளர். தாவரவியல் பயில்வோர் உளர். மருத்துவம் பயில்வோரும் உளர். தமிழ் மருத்துவம் என்றதும் கைதட்டுவது எளிது. ஏட்டைப் படிக்கும் தமிழும், அதை ஐயுறும் அறிவியலும் ஒருவரிடமே அமைவது அரிது. அவ்விரண்டும் வாய்த்தவர்கள் நாம். நம் முன்னோர்க்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதே ஆகும்.