அறிக்கையில் இல்லாத ஒரு வரி

முதுகுவலிக்காரர் ஒருவர் நள்ளிரவில் கைப்பேசியில் எதைத் தேடுவார் என்பதை நான் அறிவேன். எட்டு மாதங்கள் நானும் அதையே தேடினேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கண்ட ‘டிஸ்க் பல்ஜ்’ என்னும் இரு சொற்கள் என்னை உறங்கவிடவில்லை. அவற்றைத் தட்டச்சு செய்ததுமே பதில்கள் வந்து குவிந்தன. நரம்பு நசுங்கும், கால் செயலிழக்கும், குனியவே கூடாது என்றன சில. இடுப்புப் பட்டை, தைலம், பதினைந்தே நாளில் பூரண நிவாரணம் என்று அழைத்தன மற்றவை. பட்டையை வாங்கினேன்; நடைப்பயிற்சியை நிறுத்தினேன்.

முக்கியமான செய்தி ஒன்றை மிகத் தாமதமாகவே அறிந்தேன். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளியானது. அதன்படி, 20 வயதினரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும் 50 வயதினரில் சுமார் 60 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. பலருக்கு அது தலை நரைப்பதைப் போன்றதொரு மாற்றமே. இணையம் எனக்கு அச்சொல்லின் பொருளைத் தவறாகச் சொல்லவில்லை. அது எவ்வளவு சாதாரணமானது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது.

இணைய மருத்துவத்தைக் குறைகூறும்போது நாம் பொய்களையே சுட்டுகிறோம். ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட சில வலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்ததுண்டு. அது கொடிய மோசடிதான். ஆயினும் மூன்று மாதங்களுக்கு மேலாக வலியோடு வாழ்பவருக்கு அரை உண்மையே பெரிய பகை என்பது என் கருத்து. பொய்யைச் சந்தேகிக்க இடமுண்டு. அரை உண்மையோ மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கையுடன் அப்படியே பொருந்திப்போகிறது. அஞ்சியவர் அசையாதிருப்பார், அசையாத தசை வலுவிழக்கும், வலி மிகும், தேடல் மீண்டும் தொடங்கும். விற்பவருக்கு இவரைவிட நல்ல வாடிக்கையாளர் வேறு யார்?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய தெளிவான விளக்கம், உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. நான் வாங்கிய பட்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. வாத நோய் உட்பட 50-க்கும் மேற்பட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. சமூக ஊடகங்களில் நலவாழ்வு அறிவுரை கூறுவோருக்கும் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் நெறிமுறைகளை வகுத்தது. எனினும் நள்ளிரவில் திரையில் தோன்றும் காணொளியைச் சட்டம் எப்போதும் துரத்திப் பிடித்துவிடாது.

ஆகவே தேடல் தொடங்கும் இடத்திலேயே விளக்கமும் நிற்க வேண்டும். வங்கி இதை முன்பே செய்துவிட்டது: ஓ.டி.பி. வரும் அதே குறுஞ்செய்தியில் ‘இதை எவரிடமும் பகிராதீர்’ என்ற வரியும் வருகிறது. ஸ்கேன் அறிக்கையின் அடியிலும் நோயாளியின் தாய்மொழியில் நான்கு வரிகள் அச்சிடலாம். இம்மாற்றம் இந்த வயதில் வலியற்றோரிடமும் எத்தனை பேருக்குக் காணப்படுகிறது என்பது ஒன்று. காலில் வலுவின்மை, சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், வலியோடு காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. கூடுதல் தாள்கூடத் தேவைப்படாது.

எனக்கு இவற்றை எடுத்துச் சொன்னவர் இயன்முறை மருத்துவர் ஒருவர். ஐந்து நிமிடங்களே ஆயின. மறுநாள் காலை, எட்டு மாதங்களுக்குப் பின், தெருமுனை வரை நடந்து திரும்பினேன்.