தேவை, உயிர் காக்கும் குடை!

அரசியல் தலைவர் ஒருவர் சென்ற சிறு விமானம் விழுந்து நொறுங்கினால் நாடே அதிர்கிறது. 1980 ஜூனில் தில்லியில் சஞ்சய் காந்தி இறந்தபோதும், 2001 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி அருகே மாதவராவ் சிந்தியா உள்பட எட்டுப் பேர் உயிரிழந்தபோதும் அதுதான் நடந்தது. ஆனால், விமானியாகும் கனவுடன் பயிற்சிக்குச் செல்லும் இளைஞர் விபத்தில் மடிந்தால், மறுநாள் நாளிதழின் மூலையில் ஒரு சிறு செய்தியுடன் அது மறக்கப்பட்டு விடுகிறது.

இத்தகைய மரணங்களில் ஒரு பகுதியையேனும் தவிர்க்க வழி இருக்கிறது. அதுதான், விமானத்தையே தாங்கித் தரையிறக்கும் பாராசூட். 1985-ல் நடுவானில் வேறொரு விமானத்துடன் மோதியும் உயிர் பிழைத்த அமெரிக்கர் ஆலன் கிளாப்மேயர், தன் சகோதரருடன் இணைந்து உருவாக்கிய சிரஸ் விமானத்தில் இதை நிரந்தர உறுப்பாகவே அமைத்தார். 1998-ல் அந்த விமானத்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

இதன் செயல்பாடு எளிது. விமானியின் தலைக்கு மேலுள்ள கைப்பிடியை இழுத்தால், சிறிய ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். அது விரிந்ததும், ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு நிகரான அதிர்ச்சியுடன் விமானம் தரையைத் தொடும். சிரஸ் விமானங்களில் மட்டும் 250-க்கும் அதிகமானோர் இதனால் உயிர் பிழைத்துள்ளனர்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. பாராசூட் விரியச் சில நூறு அடி உயரமாவது வேண்டும். ஹெலிகாப்டர்களுக்கும், சிந்தியா சென்றது போன்ற எடை மிகுந்த விமானங்களுக்கும் இது இன்னும் கைகூடவில்லை. மோசமான வானிலையிலும் பறந்தே தீர வேண்டும் என்று விமானியை நிர்ப்பந்திக்கும் போக்குக்கும் இது மருந்தாகாது. கருவி இருந்தும் அதை இழுக்கத் தயங்கி, விமானத்தைக் காப்பாற்ற முயன்று மாண்டவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. அதன் பிறகுதான், 'தயங்காமல் இழு' என்பது அங்கே பயிற்சியின் முதல் பாடமாயிற்று.

செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பாராசூட்டை மாற்றவும் வேண்டும். ஆனால், பல லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவனைத் தனியே வானில் அனுப்பும் பயிற்சி நிறுவனங்கள் செலவைக் காரணம் காட்டுவது எப்படி நியாயமாகும்?

நம் பயிற்சிப் பள்ளிகள் பெருமளவில் பயன்படுத்தும் செஸ்னா 172 ரக விமானத்தில் பொருத்தத்தக்க பாராசூட்டுகள் சந்தையில் உள்ளன. ஜெர்மனியோ மிகச் சிறிய இலகுரக விமானங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ககன்யான் விண்கலத்துக்குப் பாராசூட் வடிவமைத்த ஆய்வகம் ஆக்ராவிலேயே இருக்கும்போது, நம்மால் இயலாது என்று சொல்லவும் இடமில்லை.

இனி வாங்கப்படும் பயிற்சி விமானங்களிலேனும் பாராசூட் இருக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதி வகுக்க வேண்டும். பழைய விமானங்களில் பொருத்துவோருக்கு மத்திய அரசு வரிச்சலுகை அளிக்கலாம்.

தலைவர்கள் இறந்தால்தான் விழித்துக்கொள்வது என்பது அரசுக்கு அழகல்ல. பெயர் தெரியாத மாணவனின் உயிரும் உயிர்தான்!