கிருமிக்கொல்லி மருந்துகளும் நமது கடமையும்

கோவிற்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி, இடைசெவல் என்னும் சிற்றூர் இருக்கிறது. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இரு பெரும் எழுத்தாளர்கள் பிறந்த ஊர் என்று தமிழுலகம் அதனை அறியும். கோடை முழுவதும் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தின்மேல் மழையின் முதல் துளிகள் விழுந்தவுடன் எழும் மண்வாசனையை அவ்வூரார் யாவரும் அறிவர். அவ்வாசனைக்குக் காரணம் யாது என்பதைத்தான் அநேகர் அறியார். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்கு முக்கிய காரணம். காசநோயை முறியடிக்கக் கிடைத்த முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின், அதே கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உயிரிலிருந்தே, 1943-ம் வருஷத்தில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் எடுக்கப்பட்டது.

நமது காலடி மண்ணிலேயே மருந்து இருக்கிறது என்று கேட்டுப் பெருமை கொள்வோர் உண்டு. அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மண்ணிலும் மரத்திலும் இருக்கும் சக்தியை மருந்தாக்குவதற்கு நெடிய உழைப்பு வேண்டும். ஆக்கிய மருந்தை வீணாக்காமல் காப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். இவ்விரண்டிலும் நாம் குறைபட்டு நிற்கிறோம். அக்குறையை ஒளிக்காமல் எடுத்துரைப்பதே தேசத்துக்குச் செய்யும் தொண்டு என்று கருதி இதனை எழுதுகிறோம்.

இயற்கைப் பொருள் உயர்ந்ததா, ரசாயனசாலையில் செய்த பொருள் உயர்ந்ததா என்ற வாதம் நம்மவரிடையே அடிக்கடி நிகழ்கிறது. சரித்திரத்தை நோக்கினால் அவ்வாதத்துக்கு இடமில்லை. 1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்ட பென்ஸிலின் ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்தது. 1935-ல் ஜெர்மானியராகிய டோமாக் உலகுக்கு அறிவித்த பிராண்டோஸில், சாயப் பொருள்களை ஆராய்ந்த தொழிற்சாலையில் பிறந்தது. சல்பா மருந்துகள் யாவும் அதன் வழிவந்தவை. சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் அணிந்த காரணத்தால் தம் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, உரிய பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார் என்பது பிரசித்தம். அவரே பின்னர் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிசாலையின் தலைவராக அமர்ந்தார். அங்கே அவரது மேற்பார்வையில் டக்கர் என்னும் விஞ்ஞானி மண்ணிலிருந்து பிரித்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாக 1948-ல் வெளிவந்தது. அவ்வருஷத்திலேயே சுப்பாராவ் காலமானார். மருந்து மண்ணில் பிறந்தது. அதை மருந்தாக்கியது மனிதரின் இடைவிடாத பரிசோதனை.

நமது மாகாணத்தின் தலைநகரிலேயே இதற்கு மற்றொரு சாட்சியம் உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. மருந்துண்ணும் ஏழை நோயாளி நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில்தான் இருக்கவேண்டுமா, தன் குடிசையிலேயே இருந்து குணமடையலாகாதா என்ற கேள்விக்கு அந்நிலையத்தார் விடை தேடினர். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும், மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், ஐஸோநியாசிட் முதலிய ரசாயன மருந்துகளையே கொடுத்துவந்தனர். ஏறத்தாழ ஒரே அளவு பலன் இரு பிரிவிலும் கண்டதாக 1959-ல் முடிவுகள் வெளியாயின. உலகெங்கும் காசநோய் வைத்திய முறையே அதனால் மாறிற்று. பீடத்தில் ஏறிப் பெருமை பேசாமல், கணக்கெடுத்து, ஒப்பிட்டு, உலகத்தார் ஒப்புக்கொள்ளும்படி நிரூபித்தமையால் கிடைத்த மதிப்பு அது.

இனி வேம்பையும் மஞ்சளையும் பற்றிச் சிறிது சொல்லுவோம். கரிசல் காட்டில் வேப்பமரம் இல்லாத ஊர் இல்லை. வேப்பெண்ணெய் கொண்டு பயிர்களின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றபோது இந்தியாவெங்கும் கோபம் பொங்கியது. அக்காப்புரிமை 2000-ம் வருஷத்தில் ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995-ல் வழங்கப்பட்ட உரிமையும், நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடியதன் பேரில் 1997-ல் ரத்தாயிற்று. இவை நியாயமான வெற்றிகள். ஆனால் அவை எவ்வாறு கிடைத்தன என்பதை நாம் மறக்கலாகாது. பாட்டியின் கைமருந்து என்ற பெருமூச்சு நீதி மன்றத்தில் செல்லவில்லை. இன்ன ஆண்டில் இன்ன நூலில் எழுதப்பட்டது, இன்ன வயலில் சோதிக்கப்பட்டது என்று எழுத்தும் தேதியுமாய் ஒப்படைத்த சாட்சியமே சென்றது.

அவ்வெற்றிகளிலிருந்து நம்மவர் சிலர் தவறான பாடத்தையும் கற்றனர். பிறர் களவாட வந்தார்கள். ஆகவே நம்மிடம் உள்ளது யாவும் சிறந்த மருந்தே என்று முடிவு கட்டினர். கண்ணாடித் தட்டில் கிருமிகளை வளர்த்து, அதன் நடுவே இலைச்சாறு தோய்த்த காகித வில்லையை வைத்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் ஒன்று தோன்றலாம். அதைக் கண்டவுடன் மருந்து கிடைத்துவிட்டதென்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. வெளுப்புத் தூளும் சாராயமும் அதே வெற்றிடத்தை உண்டாக்கும். அவற்றை நோயாளிக்குப் புகட்டுவார் உண்டோ? சாற்றில் வேலை செய்யும் பொருள் எது, எவ்வளவு சிறிய அளவில் செய்கிறது, உண்டால் குடலைக் கடந்து இரத்தத்தில் சேருமா, மனித உடலுக்குத் தீங்கு செய்யாதா, நோயாளியைப் பிழைக்கச் செய்யுமா என்ற ஐந்து வாயில்களையும் கடந்த பின்னரே அது மருந்தாகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் தட்டில் பல வித்தைகள் காட்டினும், உடலில் சேராமல் கழிந்துவிடுகிறது என்பதை 2017-ல் ரசாயன நிபுணர்கள் விரிவாக ஆராய்ந்து எடுத்துக் காட்டினர்.

பழைய மருத்துவத்தை இகழ்வது நமது நோக்கமன்று. சீன தேசத்தின் பழைய வைத்திய நூற் குறிப்பொன்றை வழியாகக் கொண்டு, து யூயூ அம்மையார் ஒரு செடியிலிருந்து ஆர்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தை 1970-களில் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் பரிசும் பெற்றார். பழைய ஏட்டை அவர் பூஜை செய்யவில்லை; அதிலிருந்த குறிப்பைச் சோதித்து, சாற்றைக் கொதிக்கவைத்தால் குணம் கெடுவதைக் கண்டு, குறைந்த சூட்டில் எடுக்கும் முறையை வகுத்தார். நமது சித்த வைத்தியச் சுவடிகளுக்கு அத்தகைய சேவை செய்பவர்களே அவற்றின் உண்மையான அபிமானிகள். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிய வழக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் 1970-களில் பெரியம்மையை இந்தியாவை விட்டே துரத்தியது அம்மைப்பால் குத்தும் இயக்கம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிற்க. கிடைத்த மருந்துகளையேனும் நாம் காக்கிறோமா? 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, அரைகுறையாகப் பென்ஸிலின் உட்கொள்பவன் கிருமிகளுக்குப் போர்ப்பயிற்சி அளித்தவனாவான் என்ற கருத்தைப் பிளெமிங் எச்சரிக்கையாகச் சொன்னார். கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்துக்குத் தாங்கும் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அவ்வொன்றிரண்டே பல்கிப் பெருகுகின்றன. தம் எதிர்ப்புச் சக்தியை வேறு ஜாதிக் கிருமிகளுக்கும் வழங்குகின்றன. ஜுரம் வந்தவுடன் வைத்தியரின் சீட்டின்றி மருந்துக்கடைக்குச் சென்று, நாலு மாத்திரை வாங்கி, இரண்டை விழுங்கி, மீதியை அடுத்த ஜுரத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நகரிலும் கிராமத்திலும் பரவிக் கிடக்கிறது. ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். அதன்மேல் இம்மருந்துகளுக்கு அதிகாரமே இல்லை. கோழிப்பண்ணைகளில் தீவனத்தோடு இவை கலக்கப்பட்டன. பருத்தி இலையின் கிருமி நோய்க்குக்கூட ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தூள் தெளிக்கப்பட்டது. மனிதனின் கடைசி ஆயுதத்தைக் கோழிக்கும் செடிக்கும் செலவிட்ட தேசம் வேறு எதை எதிர்பார்க்கலாம்?

2010-ல் லான்ஸெட் குழுவைச் சேர்ந்த பத்திரிகையொன்றில் வெளியான ஆராய்ச்சி இதன் பலனைக் காட்டிற்று. கார்பபெனெம் என்னும் உயர்தர மருந்துகளையும் பிளந்தெறியும் என்.டி.எம்.-1 என்ற நொதியத்தை உடைய கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் காணப்பட்டதாக அது தெரிவித்தது. அவ்வாராய்ச்சியில் முதற்பெயராக நின்றவர் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவரே. நொதியத்துக்குப் புது டில்லியின் பெயர் இடப்பட்டதைக் குறித்து நாடெங்கும் சினம் எழுந்தது. அச்சினம் நியாயமற்றதென்று நாம் சொல்லவில்லை. பெயரைக் குறித்து எழுந்த சப்தத்தில் நோயைக் குறித்த கவலை அமுங்கிப் போயிற்று என்றே சொல்லுகிறோம். வைத்தியர்கள் 2012-ல் சென்னையில் கூடிச் செய்த பிரகடனம் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் கொள்கை அவசியமென்று வற்புறுத்தியது. 2014-ல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. 2019-ல் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடை, கோழி வளர்ப்பில் உபயோகிப்பது தடை செய்யப்பட்டது. சட்டங்கள் இருக்கின்றன. சீட்டில்லாமல் மருந்து கேட்பவரும் கொடுப்பவரும் இருக்கும்வரை சட்டம் காகிதமாகவே இருக்கும். அண்டையிலுள்ள கேரளம் 2018-ல் தனித் திட்டம் வகுத்து, 2024-ல் மருந்துக்கடைகளில் நேரடிச் சோதனையும் தொடங்கியது. அதைப் பார்த்து நாம் கற்பது இழிவன்று.

இந்த அலட்சியத்துக்கு உலகம் கொடுத்த விலையையும் சொல்லிவிடுவோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்று 2022-ல் வெளியான கணக்கு கூறுகிறது. காசநோயிலும் உலக நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். மருந்து தோற்றால் முதலில் சாகிறவன் ஏழை.

தொழிலிலும் நாம் கைவிட்டது அநேகம். உலகச் சுகாதார ஸ்தாபனம், குழந்தைகள் நிதி ஆகியவற்றின் உதவியுடன் பூனாவை அடுத்த பிம்பிரியில் 1954-ல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை மறு வருஷமே பென்ஸிலின் செய்தது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய மண் நுண்ணுயிரிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சண மருந்தைத் திருமலாச்சாரும் அவர் தோழர்களும் பிரித்தனர். பின்னர் மலிவு என்ற ஒரே காரணத்தால் பென்ஸிலினின் மூலப்பொருளைச் சீனத்திலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தோம். 2020-ல்தான் சர்க்கார் விழித்து உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத் திட்டம் வகுத்தது. மற்றொரு பக்கம், சென்னை ஆர்க்கிட் கம்பெனியார் கண்டுபிடித்த என்மெடசோபாக்டம், ஐரோப்பியக் கம்பெனியொன்றின் கையில் வளர்ந்து, 2024-ல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. அறிவு நம்மிடம் இருக்கிறது; அதைக் கடைசி வரையில் கொண்டு செல்லும் முதலும் பொறுமையும் இல்லை. பத்து நாளில் நோய் தீரும் மருந்தில் லாபம் குறைவாதலால் உலகப் பெருங் கம்பெனிகளும் இத்துறையிலிருந்து விலகுகின்றன. லாபம் தள்ளும் இடத்தில் சர்க்கார் நிற்க வேண்டும்.

கோவிற்பட்டியில் 1901-ம் வருஷத்திலிருந்தே விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. கரிசல் மண்ணையும் அதில் விளையும் பருத்தியையும் அது நூறாண்டுக்கு மேல் அறியும். அதே மண்ணின் நுண்ணுயிர்களையும் முறையாகச் சேகரித்து, பிரித்து, காத்துவைக்கும் வேலையைத் தெற்கு ஜில்லாக்களின் கல்லூரிகளுடன் சேர்த்து ஏற்பாடு செய்யலாகாதா? மாணவர்கள் பட்டத்துக்காகச் செய்யும் இலைச்சாற்றுச் சோதனைகள் தட்டோடு நின்றுவிடாமல், பொருளைப் பிரிக்கவும் விஷத்தன்மையை அளக்கவும் வசதியுள்ள பொது ஆராய்ச்சிசாலை ஒன்றை மாகாண சர்க்கார் நிறுவ வேண்டும். தோற்ற சோதனைகளையும் மறைக்காமல் வெளியிடவேண்டும்.

நம் வாசகர்களில் பொதுவேலையில் ஈடுபட்டோர் பலர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிருமிக்கொல்லி மருந்து விற்கப்படுகிறதா என்று பாருங்கள். தடுப்பூசி போடாத குழந்தைகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றின் நீரும் கழிப்பிடமும் சுத்தமாயிருந்தால் மருந்தின் தேவையே பாதி குறையும். அதற்கு ஊராட்சியை நெருக்குங்கள். அடுத்த முறை இடைசெவல் கரிசலில் முதல் மழை பெய்து மண் மணக்கும்போது, அந்த மணம் நமக்கு விடுக்கும் கேள்வியை நினைவு கூருங்கள். கொடுத்த மருந்தைக் காத்தோமா? இன்னும் கொடுக்க இருப்பதைத் தேடினோமா?